சர்வே முகாமுக்கு வந்த அத்தை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இப்போதே இப்படி என்றால், ஐம்பதுகளில், இருபது வயதில் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இன்றைக்கு அதைப் பெருமை என்கிறார்கள். அன்றைக்கு அது தினசரித் தலைவலி.

எங்கள் சர்வே வாத்தியார் ஒரு மாதிரியான ஆள். கையால் செய்யாததைப் படிப்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். "கரும்பலகையில ரோடு போட்டா அதுல மாட்டு வண்டி போவுமா?" என்று கேட்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை வாரத்துக்கு மூன்று தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார். கல்லூரியோடு மல்லுக்கட்டி, மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் எல்லாரையும் மாமல்லபுரத்துக் கடற்கரையில் முகாம் போட வைத்தது அவர்தான். கால்வாய்க் கரையிலிருந்து கடலோரம் வரைக்கும் ஒரு ரோடு போடுவதாக வைத்துக்கொண்டு, நாங்களே நடந்து, முளை அடித்து, அளந்து, வரைபடம் போட வேண்டும். எழுத்துப் பரீட்சை கிடையாது. அந்த வரைபடம்தான் பரீட்சை. அதில் தேறாவிட்டால் அந்த வருஷத்தை முழுசாகத் திரும்பப் படிக்க வேண்டும்.

எனக்குத் திரும்பப் படிக்கிற யோகம் கிடையாது. அப்பா செங்கல்பட்டுக் கோர்ட்டில் குமாஸ்தா. தீர்ப்பு சொல்லிச் சொல்லிப் பழகின ஜட்ஜைவிட, அதைக் கேட்டுக் கேட்டுப் பழகினவர் மோசம். "பெயிலானா அதோட நிறுத்திக்கலாம். காஞ்சிபுரத்துக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். காஞ்சிபுரத்துக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஒரு விரோதமும் இல்லை. அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. ஆனால் பாதியில் விட்ட படிப்போடு போய் அந்த வீட்டில் நிற்கக் கூடாது என்று மட்டும் எனக்கு வெறி இருந்தது.

கல்லூரி வேறு ஒரு நிபந்தனை போட்டது. பெண் முகாமுக்கு வருவதானால் வீட்டுப் பெரிய பெண்மணி ஒருவர் துணைக்கு வர வேண்டும். இரவில் மட்டுமில்லை, வேலை நடக்கிற இடத்திலும் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு வீட்டை விட்டு நகர முடியாது. அத்தை கிளம்பினாள்.

அத்தை அப்பாவின் தங்கை, செங்கல்பட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னை இந்தப் படிப்பில் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் வாயாடி ஜெயித்தவள் அவள்தான். "நான் வாக்குக் கொடுத்திருக்கேன்டி. நீ தோத்தா உங்கப்பன் என்னைத்தான் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பான்" என்று பஸ்ஸிலேயே எச்சரித்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியும், அப்பாவின் கோர்ட் குடையுமாக வந்தாள். நல்ல பெரிய கறுப்புக் குடை. "கருத்துப் போயி வந்தே, காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள். படிப்பும் வேண்டும், நிறமும் போகக் கூடாது. அத்தைக்கு இரண்டும் முக்கியம்.

பையன்களுக்குச் சவுக்குத் தோப்பில் கூடாரம். எங்களுக்குப் பக்கத்திலிருந்த பங்களாவின் பின்னறை. நாலு பேருக்கு ஒரு குழு என்று பிரித்தார்கள். என் குழுவில் மூன்று பையன்கள். அதில் இரண்டு பேர் வாயே திறக்க மாட்டார்கள். மூன்றாமவன் சென்னைக்காரன், அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவான்.

வேலை சுலபம்தான், கேட்பதற்கு. ஒரு முளையில் முக்காலியை நிறுத்தி, அதன் மேல் காம்பஸை வைத்து, அடுத்த முளையில் பிடித்திருக்கும் கோலைப் பார்த்து எத்தனை டிகிரி என்று முள் காட்டுவதை எழுத வேண்டும். அடுத்த முளைக்குப் போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை எழுத வேண்டும். இரண்டுக்கும் சரியாக நூற்றெண்பது டிகிரி வித்தியாசம் வர வேண்டும். இப்படியே முகாமில் தொடங்கி, கால்வாய்க் கரைக்குப் போய், வடக்கே நெம்மேலிப் பக்கம் கொஞ்சம் நடந்து, கடலோரமாகத் திரும்பி வந்தால், காகிதத்திலும் கோடு புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும்.

பையன்கள் பார்த்த கோடெல்லாம் சேர்ந்தது. நான் பார்த்த கோடெல்லாம் பிசகியது.

ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்றால் கண் தவறியது என்று சொல்லலாம். ஆறு, ஏழு, சில இடத்தில் பத்து. அதே முளையில் அடுத்த நிமிஷம் சென்னைக்காரன் வந்து பார்ப்பான், சரியாக வரும். "இன்னா சிஸ்டர், நீங்க பாத்தா மட்டும் முள்ளு பேஜார் பண்ணுது?" என்பான். நான் காம்பஸ் சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கடலைப் பார்த்துச் சொன்னான். எனக்குக் கையிலிருந்த முளையால் அவன் மண்டையிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. அத்தை முதுகில் கை வைத்து அழுத்தினாள். முளையை மணலில் அடித்தேன்.

முதல் வாரக் கடைசியில் வரைந்து பார்த்தோம். என் கணக்குப்படி முகாமின் சமையல் கொட்டகை கடலுக்குள் இருந்தது. கூடாரமே சிரித்தது. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நாளைக்கு நாஸ்தா படகுலதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"பக்கத்துல எங்கயோ இரும்பு இருக்கு" என்றார். "இரும்பு கிட்ட இருந்தா முள்ளு அது பக்கம் இழுபடும்னு படிச்சீங்க இல்லை?"

படித்தோம். எழுதினோம். மார்க்கும் வாங்கினோம். அளக்கிற சங்கிலியைக் காம்பஸ் பக்கத்தில் போடக் கூடாது என்பது எங்களுக்குத் தாலாட்டுப் பாட்டு மாதிரி. வாத்தியார் தன் சைக்கிளைக்கூட எங்கேயோ ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டுத்தான் நடந்து வருவார். அப்புறம் என்ன இரும்பு?

"கொண்டை ஊசி, சார்" என்றான் சென்னைக்காரன்.

எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடல் காற்றில் முடி அவிழ்ந்து முகமெல்லாம் அடித்தது. இத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் தலைவிரி கோலமாக நிற்கிறேன் என்று அத்தைக்கு வந்ததே ஆத்திரம்! என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தாழம்புதர் மறைவில் உட்கார வைத்து, இறுக்கிப் பின்னி, நூல் கயிற்றால் முடிந்தாள். புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். தன் புடவையில் இருந்த ஊக்கையும் கழற்றினாள். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைப் பங்களாவில் வைத்துவிட்டு வந்தாள். "இப்போ ஒரு குண்டூசிகூட இல்லை. பாரு" என்றாள்.

பார்த்தேன். எட்டு டிகிரி பிசகியது.

அதற்கப்புறம் என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். என் கண்ணில் கோளாறு என்று ஒரு நாள் நினைத்தேன். முக்காலியைச் சரியாக நிறுத்தவில்லை என்று ஒரு நாள். வாத்தியார் பக்கத்தில் வந்து சரிபார்க்கும்போதெல்லாம் அத்தை மரியாதையாகத் தள்ளிப் போய் நிற்பாள். அன்னிய ஆண்பிள்ளை பக்கத்தில் அவள் எப்படி நிற்பாள்? அவர் குனிந்து பார்ப்பார். அவருக்குச் சரியாக வரும். என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முகாம் முடிவதற்கு முந்தின நாள் காலையில் கூப்பிட்டார். "இன்னிக்கு முழுச் சுற்றையும் நீயே தனியாப் பார்க்கணும். கோல் பிடிக்க மட்டும் பசங்க வருவாங்க. பொழுது சாயறதுக்குள்ள வரைபடம் என் மேஜைக்கு வரணும். சேரலைன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லைம்மா." கருவிப் பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எல்லாருக்கும் எல்லாமும் வராது" என்றார்.

"சரி சார்" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அவர் எதிரில் அழுவதைவிடக் கடலில் விழலாம்.

பங்குனி வெயில். மணல் சுட்டது. முதல் முளையில் முக்காலியை நிறுத்தினேன். அத்தை என் தோளோடு தோள் ஒட்டி, வழக்கம்போல எனக்குக் குடை பிடித்து நின்றாள். அவளுக்கும் முகம் சுண்டிப்போயிருந்தது. முதல் கோடு பார்த்தேன். இரண்டாம் முளைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஏழு டிகிரி பிசகியது. "மறுபடி பாரு" என்றாள் அத்தை. மறுபடி பார்த்தேன். இப்போது ஒன்பது. அத்தை அடுத்த முளையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது முளை கால்வாய்க் கரை மேட்டில். விறகுப் படகு ஒன்று பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. நல்ல காற்று. காம்பஸில் குனிந்து, எதிர்முனைக் கோலைக் குறி பார்த்து, முள் நிற்பதற்காகக் காத்திருந்தேன். படாரென்று ஒரு சத்தம். காற்று குடையை உள்ளிருந்து பிய்த்து மேல்பக்கமாகத் திருப்பிவிட்டது. "ஐயோ, உங்கப்பன் குடைடி!" என்று கத்திக்கொண்டே அத்தை அதோடு மல்லுக்கட்டியபடி மேட்டிலிருந்து கீழே இறங்கினாள்.

முள் நகர்ந்தது.

நான் முக்காலியைத் தொடவில்லை. மூச்சுகூட விடவில்லை. நின்றிருந்த முள் தானாக நகர்ந்து, ஆடி, வேறு இடத்தில் போய் நின்றது.

"அத்தை, மேல வாங்க!" என்றேன்.

"இரு, ஒரு கம்பி வளைஞ்சுபோச்சு."

கம்பி! மூன்று வாரமாக என் காதுக்குப் பக்கத்தில் ஒரு முழு இரும்புக் கம்பும், அதன் உச்சியிலிருந்து சுற்றிலும் இறங்கிய அத்தனை கம்பிகளும்! கொண்டை ஊசியைப் பிடுங்கினோம், ஊக்கைப் பிடுங்கினோம், சாவிக்கொத்தைக் கழற்றி வைத்தோம். சங்கிலி இரும்பு, சைக்கிள் இரும்பு. குடை மட்டும் எங்கள் யார் கண்ணுக்கும் நிழலாகத்தான் தெரிந்தது. பொண்ணு கருத்துப் போகக் கூடாதே என்கிற நிழல். வாத்தியார் வந்தால் அத்தை தள்ளிப் போவாள், பையன்கள் பார்த்தால் தள்ளிப் போவாள், எனக்கு மட்டும் ஒட்டி நிற்பாள். முள் வேறு என்னதான் செய்யும்?

"கிட்ட வாங்க. இப்போ தள்ளிப் போங்க. திரும்ப வாங்க" என்று அத்தையை மேலும் கீழும் நடக்க விட்டேன். ஒவ்வொரு தடவையும் முள் சொன்ன பேச்சைக் கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோல் பிடித்திருந்த சென்னைக்காரன், "இன்னா சிஸ்டர், வெயில் மண்டையில ஏறிடுச்சா?" என்று தூரத்திலிருந்து கத்தினான்.

"நீங்க அந்தப் பனை நிழல்ல போய் உக்காருங்க அத்தை. நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு இன்னும் புரியவில்லை. முகம் விழுந்துபோயிற்று. "என்னை ஏன்டி போகச் சொல்றே? நான் என்ன பண்ணேன்?"

விளக்க நேரமில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதல் முளையிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தாக வேண்டும். "போங்கன்னா போங்க அத்தை!" என்று கத்திவிட்டேன். குடையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்ப் பனைமரத்தடியில் நின்றாள்.

அந்த நேரம் பார்த்தா வாத்தியார் வர வேண்டும்! சைக்கிளைத் தூரத்தில் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"துணைக்கு வந்தவங்க எங்க? தனியா நிக்கறே? காலேஜ்ல என்ன எழுதிக் கொடுத்தீங்க? இதுக்கு மேல நீ ஒண்ணும் பார்க்க வேணாம். கருவியை எடுத்து வை."

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"எடுத்து வைக்கறேன் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாருங்க. ஒரே ஒரு தடவை. அத்தை, குடையோட இங்க வாங்க. சார் பக்கத்துல நில்லுங்க. எனக்கு எப்படிப் பிடிப்பீங்களோ, அப்படிப் பிடிங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு அன்னிய ஆண்பிள்ளைக்குக் குடை பிடிப்பதாவது! ஆனால் என் குரலில் அவள் எதையோ கேட்டிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். குடையை விரித்து அவர் தோள் மேல் சாய்த்துப் பிடித்தாள். அவர் சங்கடத்தோடு குனிந்தார்.

"இப்போ போங்க அத்தை."

போனாள். அவர் குனிந்தபடியே இருந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. கையை மட்டும் தூக்கி, திரும்ப வா என்று சைகை காட்டினார். அத்தை வந்தாள். போனாள். இன்னொரு தடவை வந்தாள்.

நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. குடையைத்தான் பார்த்தார். "ஏட்டுச் சுரைக்காய்" என்று ஆரம்பித்தவர், மிச்சத்தைச் சொல்லவில்லை.

"அப்போ அத்தை நிழல்ல உக்காரட்டும் சார். நான் பாத்து முடிச்சிடறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "அது முடியாதும்மா. துணை கை எட்டற தூரத்துல இருக்கணும். அது விதி. எவனாவது புகார் எழுதிப்போட்டா, அடுத்து ஒரு பொண்ணு முகாமுக்கு வர முடியாது. குடை வேணாம். அவங்க இருக்கணும்."

நான் சண்டைக்கு வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டாள். குடையை மடக்கினாள். பனைமரத்தடிக்குப் போய் அதைப் படுக்க வைத்துவிட்டு, புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்றாள். "பொழுது போவுது பாரு. ஆரம்பி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முதல் முளைக்குத் திரும்பி நடந்தோம். கால்வாய்க் கரை, நெம்மேலிப் பக்கம், அங்கிருந்து கடலோரம். ஒதுங்க ஒரு செடி இல்லாத மணல். நானாவது குனிவதும் எழுதுவதுமாக இருந்தேன். அவள் சும்மா நின்றாள். வெயிலில் வேலை செய்வதைவிட வெயிலில் சும்மா நிற்பது கொடுமை. தலைப்பு காற்றில் பறந்து பறந்து விழுந்தது, அவளும் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஒவ்வொரு முளையிலும் "சேருதா?" என்று மட்டும் கேட்டாள். "சேருது அத்தை." அடுத்த முளை. "சேருதா?" "சேருது." சென்னைக்காரன் கோலோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு இளநீரை வெட்டிக்கொண்டு வந்து, என்னிடம் இல்லை, அத்தையிடம் நீட்டினான். "குடிங்கம்மா" என்றான்.

பொழுது சாய்வதற்குள் வாத்தியார் மேஜையில் வரைபடத்தை விரித்தேன். கடைசிக் கோடு, புறப்பட்ட புள்ளிக்குப் பக்கத்தில், பென்சில் முனை அளவு இடைவெளி விட்டு வந்து நின்றது. சமையல் கொட்டகை தரைக்குத் திரும்பியிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். "பாஸ்" என்று மட்டும் சொன்னார். நான் வெளியே வந்து அத்தையைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, எரியுது" என்றாள். கழுத்தும் முகமும் நெருப்புப் பட்ட மாதிரி சிவந்திருந்தன.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குத் திரும்பினோம். குடை அவள் மடியில் மடங்கியபடி கிடந்தது, ஒரு கம்பி வளைந்து. அம்மா வாசலில் நின்று என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவால்லை, அவ்வளவா கருக்கலை" என்றாள். அப்புறம்தான் பின்னால் வந்த அத்தையைப் பார்த்தாள். மூக்கிலும் கன்னத்திலும் தோல் உரிந்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. "ஐயோ, உனக்கு என்னடி ஆச்சு?"

"எனக்கென்ன, எந்தக் காஞ்சிபுரத்துக்காரன் வந்து பாக்கப் போறான்" என்றாள் அத்தை. "உங்க பொண்ணு பாஸு. அண்ணன் கிட்ட சொல்லுங்க."

எனக்கு ஒரு வகுப்பு கீழே ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு முகாம் வந்தபோது என்னிடம் ஓடி வந்து நிபந்தனைகளைக் காட்டினாள். வீட்டுப் பெரிய பெண்மணி வர வேண்டும், கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். துணைக்கு வருபவர் குடை கொண்டுவரக் கூடாது.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அந்த வாரமே செங்கல்பட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அத்தை பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்த வெயில் அப்போதும் முழுசாகப் போயிருக்கவில்லை.

"குடை வேணாம்னு எழுதத் தெரிஞ்சுது" என்றாள். "துணை வேணாம்னு எழுதத் தோணலை பாரு."

அடுத்த சிலேட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைத் துடைத்தேன்.